ஏற்காட்டுக் கருத்தரங்கில் ஒரு "ஆமாம்" சொல்லிவிட்டேன்

கரட்டோரம் | ஞாயிறு, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே வாசிப்பதோடு சரி. எழுதுவது இதுவே முதல் முறை. சேலத்தில் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், நான்காம் ஆண்டு. மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் ரயிலில் போனவர்கள் வெள்ளை வெள்ளையாக மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். மேக்னசைட் தாதுச் சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய கழிவு. யாரும் நடாமலே அதன் மேல் என்னென்ன முளைக்கிறது, அந்த மண்ணில் மெக்னீசியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை.

பத்து நாள் முன்பு ஏற்காட்டில் ஒரு கருத்தரங்கு. எனக்குப் போஸ்டர் ஒதுக்கியிருந்தார்கள். அதாவது ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் அச்சடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் மஞ்சள் நீராட்டு விழாவும் காதணி விழாவும் அடித்துப் பழகியவர். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்கள் படத்தை எந்த மூலையில் வைப்பதம்மா?" என்று கேட்டார். என் அப்பா குழாய் வேலை செய்கிறவர். மலைப் பஸ்ஸில் போஸ்டர் நசுங்கக் கூடாது என்று ஒரு பி.வி.சி. குழாயை அளவாக அறுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

மேலே ஆடி மாதத்து மூடுபனி. அரங்கத்துச் சுவரெல்லாம் ஈரம் கோத்திருந்தது. ஒட்டுநாடா பிடிக்கவில்லை. இடது மேல் மூலை சுருண்டு சுருண்டு விழுந்துகொண்டே இருந்தது. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றேன். வந்தவர்களில் பெரும்பாலானோர் தலைப்பைப் பார்த்துவிட்டுத் தேநீர் இருந்த பக்கம் போய்விட்டார்கள். கடைசியில் ஒரு மூத்த விஞ்ஞானி வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரி வரியாகப் படித்தார். பிறகு, "மூன்று பருவத்திலும் மண் எடுத்தீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

எடுக்கவில்லை. கோடையில் எடுத்தேன், தென்மேற்குப் பருவத்தில் எடுத்தேன். வடகிழக்குப் பருவமழை பெய்த ஐப்பசியில் அப்பா ஏணியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். போஸ்டரில் "பருவந்தோறும்" என்று பட்டும் படாமலும் எழுதி வைத்திருந்தேன். அந்த விஞ்ஞானியோ, "நல்லது, பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மதியம் வேலைவாய்ப்பு பற்றிய அமர்வு. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடத்தில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருக்கும்போதே எழுந்து வெளியே வந்துவிட்டேன். அமர்வு முடியும் வரை ஏரிக்கரையில் நின்றேன்.

தோழிகளிடம் சொன்னால், "உனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம், எல்லோருக்கும் வருவதுதான்" என்கிறார்கள். தை மாதத்தில் நடக்கும் இன்னொரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பச் சொல்கிறார் நெறியாளர். அனுப்பட்டுமா? பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

அம்மாபேட்டைத் தறி | ஞாயிறு, இரவு 11.25

சகோதரி, உங்கள் போஸ்டரை ஒருவர் வரி வரியாகப் படித்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்கு வந்தது பொறாமை. மறைப்பானேன்.

நான் தமிழ் இலக்கியம். இதுவரை 14 கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். கேள்வி என்று ஒன்றுகூட வந்ததில்லை. ஒன்பதரைக்குத் தொடக்க விழா என்று அழைப்பிதழில் இருக்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வரிசையாக வாழ்த்துரை, கட்டுரைக் கோவை வெளியீடு, முதல் படி பெறுபவர், இரண்டாம் படி பெறுபவர், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை என்று முடியும்போது பன்னிரண்டே கால். அதற்குப் பிறகு ஐந்து அறைகளில் இணை அமர்வுகள். அறையில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் தம் முறைக்குக் காத்திருப்பவர்கள். வாசித்து முடித்தவர் சான்றிதழ் வாங்கக் கிளம்பிவிடுவார். ஆக, கடைசியாக வாசிப்பவருக்கு அமர்வுத் தலைவரும் மின்விசிறியும்தான் அவை.

போன முறை அந்தக் கடைசி ஆள் நான். ஆறு நிமிடம் என்றார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே, "நல்ல முயற்சி. நேரம் கருதி முடிவுரைக்கு வந்துவிடுங்கள்" என்றார் தலைவர். சங்கப் பாடல்களில் நெசவு பற்றி மூன்று ஆண்டுகள் தேடியவன் நான். பஞ்சு நூலாகும் இடத்துக்கே வந்து சேரவில்லை, அதற்குள் முடிவுரை!

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இதழில் ஒரு கட்டுரை, கருத்தரங்கில் இரண்டு என்று 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதி வைத்தது. 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. கணக்குக் காட்டத்தான் எங்களில் பாதிப் பேர் போகிறோம். அப்படிப்பட்ட இடத்தில் தன்னம்பிக்கை கூடவும் வழியில்லை, குறையவும் வழியில்லை.

உங்கள் "ஆமாம்" பற்றி எனக்கு உடனே ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. யோசித்து வருகிறேன்.

ஐந்து ரோடு | திங்கள், காலை 7.05

தோழி, இதைப் பெரிதாக்காதீர்கள். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. நன்றாகச் சாதித்த பெண்களே, "தகுதி இல்லாமல் உள்ளே வந்துவிட்டேன், ஒரு நாள் பிடிபடுவேன்" என்று அஞ்சுவதை அவர்கள் எழுதினார்கள். உங்களுக்கும் அதேதான். இரண்டு பருவமா மூன்று பருவமா என்று யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பெரியவர் குறிப்பேட்டில் சாப்பாட்டு நேரத்தைக்கூட எழுதியிருக்கலாம். நன்றாகத் தூங்குங்கள். தைக்கு அனுப்புங்கள்.

சார்னோக்கைட் | திங்கள், பிற்பகல் 2.30

ஐந்து ரோடு, பெயரும் ஆண்டும் சரி. பொருத்தியதுதான் சரியில்லை. அந்தக் கட்டுரையின் தலைப்பில் சிண்ட்ரோம் என்ற சொல்லே கிடையாது. அதை ஒரு நோயாக அவர்கள் சொல்லவில்லை. உழைத்துச் சாதித்ததைத் தன்னுடையதல்ல என்று நினைத்து அஞ்சுவது அது. கரட்டோரத்துக்கு நடந்தது தலைகீழ். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிட்டார், அது உறுத்துகிறது. இதற்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு: மனசாட்சி. அதைக் கொண்டுபோய் நோய்க் கணக்கில் எழுதினால், நிஜமாகவே அந்த அச்சத்தால் தவிப்பவர்களுக்கும் நியாயமில்லை, இவருக்கும் நியாயமில்லை.

நான் புவியியல்காரன். ஆய்வு முழுக்கச் சேர்வராயன் மலைப் பாறையில். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னோக்கைட் என்று பெயரிட்ட பாறை இது. என் புனைபெயருக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காகச் சொன்னேன். என் முதல் கருத்தரங்கில் ஒருவர் எழுந்து, பாறை உருவான அழுத்தத்தை எந்தக் கனிமங்களை வைத்துக் கணக்கிட்டேன் என்று கேட்டார். பதில் என் மூன்றாம் இயலில் இருந்தது, நாக்கில் இல்லை. "இப்போது நினைவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நெறியாளர் தரையைப் பார்த்தார். அன்று இரவு விடுதி அறையில் நான் பட்டது இருக்கிறதே, அதுதான் கிளான்ஸ் எழுதியது. ஒரு வாரத்தில் தானாகப் போய்விட்டது. உங்களுடையது தானாகப் போகாது. ஏனென்றால் அது உங்கள் தலைக்குள் இல்லை. ஒருவருடைய சட்டைப் பையில் இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் பாறை இருப்பதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே புவியியலாளர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். நிலவை நினைத்தா எழுதினார்கள்? சந்திரயான் தரையிறங்கியைச் சோதிக்க நிலவு மண் போல ஒன்று வேண்டும் என்று இஸ்ரோ தேடியபோது, அந்தப் பாறையைத்தான் எடுத்துத் தூளாக்கினார்கள். பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையும் அதில் உதவியது. யாரோ ஒருவர் வெயிலில் நின்று உடைத்துப் பார்த்து எழுதிய வரியை இன்னொருவர் நம்பி லாரி அனுப்புகிறார். நாளைக்கு அந்த வெள்ளை மேட்டில் எதையாவது நட்டு மண்ணை நிறுத்தலாம் என்று வருபவர் உங்கள் வரியைத்தான் பார்ப்பார்.

அவருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பழைய பாடவேளை | திங்கள், மாலை 6.10

முப்பத்து மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் போஸ்டரும் கிடையாது, சிண்ட்ரோமும் கிடையாது. தட்டச்சு செய்த கட்டுரையைத் தபாலில் அனுப்பிவிட்டு, இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து போய் வாசித்துவிட்டு வருவோம். இப்போது பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இருக்கட்டும். மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் தம்பி ஒன்றை மறந்துவிட்டார். போஸ்டரில் நெறியாளர் பெயரும் இருக்கும். அவருக்குத் தெரியாமல் வெளியாளுக்குத் திருத்தம் போனால், நாளை எங்காவது நாலு பேர் நடுவில் அவரைத்தான் கேட்பார்கள். எனவே முதலில் நெறியாளர் அறைக்குப் போம்மா. கதவைச் சாத்திவிட்டுச் சொல். திட்டுவார், திட்டட்டும். நானும் திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கிய யாரும் கெட்டுப்போகவில்லை. மறைத்த ஒருவர் வாய்மொழித் தேர்வில் பட்ட பாட்டைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

இருவேளை | திங்கள், இரவு 9.50

பழைய பாடவேளை ஐயா, உங்கள் காலத்தில் சிண்ட்ரோம் இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த இரண்டாம் வகுப்பு ரயிலில் எத்தனை பெண்கள் கட்டுரை வாசிக்கப் போனார்கள் என்பதையும் ஒரு நாள் எழுதுங்கள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

நான் பகலில் கௌரவ விரிவுரையாளர், இரவில் பகுதி நேர ஆய்வாளர். பெயரில் கௌரவம் இருக்கிறது. சம்பளம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் 11 மாதம்தான். எனக்குச் சந்தேகம் என் மேல் வருவதில்லை. மே மாதத்தின் மேல்தான் வருகிறது.

யாரும் அந்த வேலைவாய்ப்பு அமர்வைப் பற்றிப் பேசாததால் நான் பேசுகிறேன். போன ஆண்டு சேலத்தில் ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனேன். படிவத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டயம், இளநிலை, முதுநிலை என்று கட்டங்கள். அதற்கு மேல் கட்டமே இல்லை. "மற்றவை" என்ற கோட்டில் இடுக்கி எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பையனுக்கு என் மாணவன் வயது. "இவ்வளவு படித்துவிட்டு ஏன் மேடம் இங்கே?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த மேசையில் இலவசமாகக் கொடுத்த பேனாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகள் இன்னும் அதில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

ஏற்காட்டில் கருத்தரங்கு வைப்பவர்கள் நல்ல மனதோடுதான் வைக்கிறார்கள். ஆனால் எந்தக் கல்லூரியில் இடம் காலி, எந்த ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்செல்லாம் அங்கே இரவுச் சாப்பாட்டில்தான் நடக்கிறது. நானோ மகள் பள்ளி விட்டு வருவதற்குள் அடிவாரம் இறங்கிவிட வேண்டும் என்று மூன்றாவது அமர்விலேயே பையைத் தூக்குகிறவள். 2022 விதிமுறையில் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு இருக்கிறது, ஆறு ஆண்டுக் கெடுவுக்கு மேல் கூடுதல் காலமும் இருக்கிறது. வரவேற்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

கரட்டோரம், ஏரிக்கரையில் போய் நின்றதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஒரு நிமிட அறிமுகத்துக்கு நான் மூன்று வாக்கியம் வைத்திருக்கிறேன். எதை ஆராய்கிறேன், என்ன கண்டேன், என்ன இன்னும் பிடிபடவில்லை. அந்த மூன்றாவதைச் சொன்ன பிறகுதான் யாராவது பக்கத்தில் வந்து பேசுகிறார்கள்.

ஐந்து ரோடு | செவ்வாய், காலை 8.15

சரி, சார்னோக்கைட் சொன்னது உறைக்கிறது. சட்டைப் பை என்றதும் வாயடைத்துவிட்டேன்.

கருத்தரங்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் ஆய்வில் சேர்ந்து இரண்டாவது மாதத்தில், "பெருமதிப்புக்குரிய பேரறிஞர் அவர்களே, சிங்கப்பூர் மாநாட்டில் தங்கள் மையவுரையைக் கேட்க உலகமே காத்திருக்கிறது" என்று மின்னஞ்சல் வந்தது. நான் துணிச் சாயக் கழிவுநீர். மாநாடு மீன் வளர்ப்பு பற்றியது. உலகம் காத்திருக்க நான் 400 டாலர் கட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க அம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதும் வாரத்துக்கு இரண்டு வருகிறது. இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இங்கே யாராவது...

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 8.40

போலி மாநாடுகளுக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே கரட்டோரம் கேட்டதற்கு வாருங்கள்.

கரட்டோரம் | செவ்வாய், இரவு 11.55

எல்லோருக்கும் நன்றி. ஐந்து ரோடு, அவர் சாப்பாட்டு நேரம் எழுதவில்லை. 3 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். நான் மூலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றதால் தெரிந்தது. முதல் பதிவில் அதை எழுத மனம் வரவில்லை.

ஐயா, நெறியாளர் திட்டுவார் என்ற பயம் எனக்கு இல்லை. அவர் திட்டுகிறவர் இல்லை. என் முதல் கட்டுரைக்குத் திருத்தம் சொல்லி இரவு ஒரு மணிக்குத் தொலைபேசியில் பேசியவர். "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார் பாருங்கள், அதற்குத்தான் பயம்.

என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. மூன்று முறை தொடங்கி அழித்துவிட்டேன்.

அம்மாபேட்டைத் தறி | புதன், காலை 6.30

வரைவு என் பொறுப்பு. ஆங்கிலத்தில் வேண்டுமானால் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, மஞ்சு தவழும் சேர்வராயன் மலையில், தங்களைப் போன்ற சான்றோர் அடியவளின் எளிய ஆய்வினைக் கண்ணுற்று வினா எழுப்பிய அந்நன்னாளில், நாத்தடுமாற்றத்தால் நேர்ந்த சிறு பிழையொன்றினைத் தங்கள் திருமுன் வைத்துப் பொறுத்தருள வேண்டி..."

சார்னோக்கைட் | புதன், காலை 9.20

தறி, மஞ்சை எடுத்துவிடுங்கள். நாத்தடுமாற்றத்தையும் எடுத்துவிடுங்கள், அது இன்னொரு பொய். இவ்வளவு போதும்:

"ஏற்காட்டில் என் போஸ்டரைப் படித்து, மூன்று பருவத்திலும் மண் எடுத்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அது தவறு. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் மட்டுமே எடுத்தேன். வடகிழக்குப் பருவ மாதிரியை இந்த ஆண்டு எடுக்கிறேன்."

காரணம் எழுத வேண்டாம். அப்பா விழுந்தது அவருக்குத் தேவையில்லாத செய்தி.

இருவேளை | புதன், காலை 10.05

தேவையில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? "குடும்பத்தில் மருத்துவமனைச் சூழல்" என்று இரண்டு சொல் எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆராய்ச்சி செய்பவருக்கு வீடு இல்லாதது போலவே எல்லோரும் எழுதி எழுதித்தான் இந்த நிலை.

சார்னோக்கைட் | புதன், காலை 10.30

மாதிரி ஏன் இல்லை என்பதற்கு அது காரணம். ஆமாம் என்று சொன்னதற்கு அது காரணம் இல்லை. கடிதம் இரண்டாவதைப் பற்றியது. ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவரே முடிவு செய்யட்டும்.

பழைய பாடவேளை | புதன், மாலை 5.45

முதலில் நெறியாளர். அதற்குப் பிறகுதான் கடிதம். மறுபடியும் சொல்கிறேன்.

இருவேளை அம்மாவுக்கு: அன்று அந்தப் பெட்டியில் எங்கள் துறையிலிருந்து போன பத்துப் பேரில் ஒரே ஒரு பெண். கேள்வி கேட்டதும் அவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் கேட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

கரட்டோரம் | இரண்டு வாரங்கள் கழித்து, வெள்ளி, இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே கேட்டுவிட்டு நடந்ததைச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

அந்த வியாழக்கிழமையே நெறியாளரிடம் சொன்னேன். எதிர்பார்த்தபடியே ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "பருவந்தோறும் என்று போட்டிருந்ததை நானும் பார்த்தேன். எத்தனை பருவம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். என் முன்னாலேயே கோப்பைத் திறந்து, அந்தச் சொல்லை அழித்துவிட்டு, "கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும்" என்று அவரே தட்டினார். ஒரு விரலால் தட்டுவார், நேரமாகும். அது முடியும் வரை நான் நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், ஐயா.

அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன். சார்னோக்கைட் எழுதிக் கொடுத்ததுதான். "அப்போது என் தந்தை மருத்துவமனையில் இருந்தார்" என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்தேன். அது பொய் இல்லை என்பதால் சேர்த்தேன், வேறு காரணம் இல்லை.

ஐந்து நாள் பதில் இல்லை. அந்த ஐந்து நாளும் முதல் பத்து நாளைவிட மோசம். ஆறாம் நாள் வந்தது: "நன்றி. குறிப்பைத் திருத்திக்கொண்டேன். மழைக்கால மண்ணை எடுக்கும்போது மேட்டின் மேல் மட்டும் எடுக்காமல் அடியிலும் எடுங்கள். கரைந்து இறங்குவது அங்கேதான் சேரும். தந்தை நலமா?"

அடியில் எடுக்க வேண்டும் என்று எனக்கு இந்த நான்கு ஆண்டுகளில் தோன்றவே இல்லை. ஐப்பசிக்கு இப்போதே பைகளுக்கு எண் எழுதி வைத்துவிட்டேன், மேலே பன்னிரண்டு, அடியில் பன்னிரண்டு. தை மாதக் கருத்தரங்குக்கும் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. இரண்டு பருவம் என்றே எழுதியிருக்கிறேன்.

வேலைவாய்ப்பு அமர்வுக்கு மட்டும் இன்னும் துணிவு வரவில்லை. இருவேளை அக்கா சொன்ன மூன்று வாக்கியத்தைக் குளியலறையில் சொல்லிப் பார்க்கிறேன். வெளியிலிருந்து அம்மா, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்கிறார்.

அம்மாபேட்டைத் தறி | வெள்ளி, இரவு 9.40

தந்தை நலமா என்று கேட்டாரே, அதைச் சொல்லவில்லையே?

கரட்டோரம் | வெள்ளி, இரவு 9.52

நலம். ஏணி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், கேட்பதில்லை. அடுத்த போஸ்டர் எப்போது, குழாய் பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாபேட்டைத் தறி | வெள்ளி, இரவு 9.58

அந்தக் குழாய்க்கு என்ன அளவு? எங்கள் துறையில் போஸ்டர் கிடையாது. நானாகக் கேட்டு ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

கரட்டோரம் | வெள்ளி, இரவு 10.04

மூன்று அங்குலம். ஒரு பக்க மூடிக்கு மட்டும் பசை போடுங்கள். நான் முதல் முறை இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டு, திறக்க முடியாமல் அப்பாவே மறுபடி அறுத்துக் கொடுத்தார்.